சூடாகாத டிரையரும் சொந்த வீடும்

1

கோயமுத்தூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே துணி தானாகக் காயாது. அங்கே கணபதிப் பகுதியில் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காலை ஒன்பது மணிக்குப் போட்ட லுங்கி பத்தரைக்கெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். எடுக்க மறந்தால் சாயம் போய்விடும் என்பதுதான் அங்கே கவலை. இங்கே அக்டோபரில் நனைத்த துணி ஏப்ரலில்தான் காயும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்ச்சிலேயே காய்ந்துவிடும்.

அதனால் துணி காய வைக்க வீட்டுக்கு வீடு ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். பெயர் டிரையர். துவைக்கிற மிஷினுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வெள்ளைப் பெட்டி, முன்னால் வட்டக் கதவு. உள்ளே ஒரு தகரப் பீப்பாய் சுற்றும், பின்னாலிருந்து சூடான காற்று அடிக்கும். முக்கால் மணி நேரத்தில் துணி வெதுவெதுவென்று வரும். குளிர்காலத்தில் அந்தத் துணிக்குள் முகத்தைப் புதைத்து நான் அரை நிமிஷம் நிற்பதுண்டு. வீட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு நிமிஷம்.

அந்த டிரையர் போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சூடாவதை நிறுத்திக்கொண்டது. சுற்றியது, உறுமியது, விளக்கு எரிந்தது. சூடு மட்டும் இல்லை. ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நாள் முழுக்க டீ குடிக்கிற ஆளைப் போல, பார்வைக்கு வேலை நடந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்து அந்த வாரத்தோடு ஏழு வருஷம். வந்த நாளை வருஷா வருஷம் பாயசம் வைத்துக் கொண்டாடுவோம். அந்தத் தடவை சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, டிரையருக்கு அடியில் டார்ச் அடித்துக் கொண்டாடினேன்.

2

கோயமுத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நான் இருப்பது இங்கிலாந்தில், அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், பஸ்ஸில் நாற்பது நிமிஷம். நகலிலிருந்து அசலுக்கு வந்தவன் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் அசலில் பஞ்சு என்பதே கிடையாது. எங்கள் தெருமுனையில் இருந்த மில் இப்போது கார்ப்பெட் கடை. ஊரில் பதினோரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்த கதிர்வேலாகிய நான், இங்கே அட்டைப்பெட்டிக் கம்பெனி ஸ்டோரில் ஸ்பேனரும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.

வந்தது என் மனைவி சரோஜாவின் புண்ணியத்தில். அவள் டாக்டர். ஆஸ்பத்திரி வேலை அவளுக்குக் கிடைத்தது, விசா எனக்கும் கிடைத்தது. அதில் என் பெயருக்கு எதிரே ‘டிபென்டன்ட்’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த வார்த்தையின் முழு அர்த்தம் அந்த நவம்பரில்தான் விளங்கியது, ஏனென்றால் சரோஜா ஊரில் இல்லை. பல்லடத்தில் என் மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் என்று நாலு வாரம் லீவு போட்டுவிட்டு ஓடினாள். போகும்போது இரண்டு பொருள்களை என்னிடம் ஒப்படைத்தாள்: பதினாலு வயது மகள் நித்யா, அப்புறம் இந்த வீடு. இரண்டும் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

வீடு என்றால் சொந்த வீடு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு நான் லண்டன் ராணி பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன் என்று சொன்னாலும் அடுத்த கேள்வி, “சொந்த ஊடுங்களா, வாடகைங்களா?” என்பதுதான். முதல் ஐந்து வருஷம், போன் செய்யும்போதெல்லாம் மாமனார் இதைக் கேட்டார். நான் ரயில் சத்தத்தில் காது கேட்காதவன் மாதிரி நடித்தேன். இரண்டு வருஷம் முன்னால் இந்த வீட்டை வாங்கிய அன்று, அவர் கேட்பதற்கு முன்னால் நானே கத்தினேன். அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் இந்தப் பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அதுதான் என்னைக் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

சரோஜா கிளம்பிய மறுநாள், சனிக்கிழமை, வீட்டுக்கு ஏதாவது நல்லது செய்வோம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றுகிற நாட்களைக் காலண்டரில் சிவப்பில் போடலாம். பின்பக்கச் சுவரில், செடி மறைவில், சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருந்தது. மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் உடைந்து தொங்கியது. பழைய வீட்டுக்காரர் எதற்கோ போட்டு மறந்த ஓட்டை, குளிர்காற்று இதன் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டினேன். பழைய வேட்டி ஒன்றை எட்டாக மடித்து உள்ளே திணித்து, மேலே பாலித்தீன், அதற்கு மேலே சதுரமாக அறுத்த பிளைவுட், நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. மில்லில் வேலை பார்த்தவன் அடைத்த அடைப்பு. யானை முட்டினாலும் அசையாது.

நித்யா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “டாட், அந்த ஹோல் எதுக்கு?” என்றாள்.

“ஓட்டைக்கு என்ன கண்ணு காரணம்? ஓட்டைன்னா அடைக்கோணும்.”

தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரி சமையலறை கதகதப்பாக இருப்பதாக எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

3

டிரையர் நின்றதும், கேரண்டிக் காகிதத்தில் இருந்த நம்பருக்கு போன் செய்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு டேப் சொன்னது. முக்கியமான என்னை இருபது நிமிஷம் பியானோ கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு அம்மாள் வந்தார்.

“சொல்லுங்க, லவ்” என்றார்.

இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் பஸ் கண்டக்டர் அம்மாள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது காது சிவந்து, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன். நம் ஊரில் காய்க்காரம்மா, “என்ன கண்ணு வேணும்?” என்பதில்லையா, அதேதான் இது என்று விளங்க ஆறு மாதம் ஆனது.

பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மிஷினுக்குப் பின்னால் இருக்கும் நம்பரைக் கேட்டார். போனின் ஒயர் அதுவரை எட்டாது. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடி, பாதி நம்பரை மனப்பாடம் செய்து, திரும்ப ஓடி, மீதிப் பாதிக்கு மறுபடி ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டு நம்பரைச் சொல்லி முடித்தபோது அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தப் பக்கத்து உச்சரிப்பு, அதிலும் போனில், வாய்க்குள் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். எனக்குக் கேட்டது இது:

“ஈஸ் இட் ரென்டட், லவ்?”

வாடகையா என்று கேட்கிறார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை அந்த ரோஷம். ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. “நோ, நோ மேடம். நோ ரென்ட். ஓன் ஹவுஸ். மை ஓன் ஹவுஸுங்க” என்றேன். பதட்டத்தில் என் இங்கிலீஷுக்கு ‘ங்க’ முளைத்துவிடும், தடுக்க முடியாது.

எதிர்முனையில் ஏதோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் மிகவும் கனிவாக, “ரொம்ப சந்தோஷம், லவ்” என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் வருவதற்குப் பத்தொன்பது நாள் ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் அதை உறுதி செய்து கடிதம் வந்தது. அன்புள்ள மிஸ்டர் கட்டர் வெல் அவர்களுக்கு என்று.

4

பத்தொன்பது நாள் என்றதும் எனக்குள் இருந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சிரித்தான். கணபதியில் எத்தனை மோட்டாரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறோம், பீப்பாய் சுற்றுகிற பெட்டி ஒரு பெட்டியா என்றான். அவன் பேச்சை நம்பி சனிக்கிழமை மிஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன். பின்னால் ஒரு தடித்த மடிப்புக் குழாய் சுவருக்குள் போனது. துவைக்கிற மிஷினுக்கு இருப்பது போல இதுவும் தண்ணீர் போகிற குழாய், துணியிலிருந்து பிழிந்த ஈரம் இதில் வடிகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனேன். மெக்கானிக்கல் இன்ஜினியர் எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பின்தகட்டைக் கழற்றினேன். ஹீட்டர் கம்பிச்சுருள் நன்றாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொத்தான் அளவில் ஒரு கட்-அவுட். மிஷின் அளவுக்கு மீறிச் சூடானால் தன் உயிரைக் கொடுத்து மின்சாரத்தைத் துண்டிக்கிற ஜீவன். அது செத்திருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வேறு வாங்கி மாட்டினேன். சூடு வந்தது. பீப்பாய்க்கு முன்னால் மண்டி போட்டு, கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கையை நீட்டிச் சூடு காய்ந்தேன்.

அன்று பல்லடத்திலிருந்து சரோஜா பேசினாள். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, பின்னால் தறிச்சத்தம் கேட்க, “ஏனுங்க, புள்ள சாப்புடறாளா? துணியெல்லாம் காயுதுங்களா?” என்றாள்.

“காயுது, காயுது. நீ மாமாவைப் பாரு” என்றேன். அன்றைக்கு அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமையே மறுபடி சூடு போனது. கட்-அவுட் மறுபடி செத்திருந்தது.

இந்த இடத்தில் நான் மிஷினைக் காலால் உதைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கட்டைவிரல் நகம் கறுத்தது. உதைத்ததற்குக் காரணம் துணியில்லை. திங்கட்கிழமை சாயந்திரம் நித்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி மூலையில் எறிந்தாள். வீட்டுக்குள் கயிறு கட்டி, ரேடியேட்டர் மேலே பரப்பி, சமையலறை நாற்காலிகளில் போர்த்தி நான் காய வைத்த ஸ்வெட்டர். முழுக்கக் காயவும் இல்லை. காய்ந்த வரைக்கும் என் ரசத்தின் பெருங்காயமும் ஈரக்கவிச்சும் ஏறியிருந்தது. வகுப்பில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். “இட்ஸ் ஃபைன், டாட்” என்றாள். என் மகள் வாயில் ‘இட்ஸ் ஃபைன்’ வந்தால் அது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

5

நித்யாவின் சிநேகிதி ஹெலன் அடுத்த தெருவில் இருக்கிறாள். மறுநாளே நித்யா ஈரத்துணியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனாள். அவர்கள் டிரையரில் காய வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு வந்தாள். புதன்கிழமை அங்கேயே சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்தாள். நான் செய்து வைத்த கத்தரிக்காய்க் குழம்பு மூடிய பாத்திரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெலன் நல்ல பெண். என்மேல் அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் உண்டு. நித்யாவை நான் ஊர்ப் பழக்கத்தில் செல்லமாக ‘அம்மணி’ என்று கூப்பிடுவது அவள் காதில் ‘மனி’ என்று விழுகிறது. உன் அப்பா ஏன் உன்னைப் பார்த்துப் ‘பணம், பணம்’ என்கிறார் என்று கேட்டாளாம். அதிலிருந்து சிநேகிதிகள் முன்னால் அந்த வார்த்தை கூடாது என்று எனக்குத் தடை. ஹெலன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட வேண்டி வந்தால் வெறுமனே இருமுவேன்.

வியாழக்கிழமை ஹெலனின் அம்மா போன் செய்தார். மிகவும் மரியாதையாக, என் சிரமம் தனக்குப் புரிவதாகச் சொன்னார். டிரையர் சரியாகிற வரைக்கும், வேண்டுமானால் சரோஜா திரும்பி வருகிற வரைக்கும், நித்யா அவர்கள் வீட்டிலேயே தங்கட்டுமே, ஒரு அறை சும்மாதான் இருக்கிறது என்றார். நான் தாங்க்யூ சொன்னேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் நித்யா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள்தான் கேட்டிருக்கிறாள்.

“டிரையர் சரியாகற வரைக்கும்தான், டாட்” என்றாள்.

கேட்டதை இவள் டிரையருக்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மா இல்லாத, கயிற்றில் துணி தொங்குகிற, அப்பா தரையில் படுத்து மிஷினோடு தமிழில் சண்டை போடுகிற வீட்டிலிருந்து அவளுக்குக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். ஒரு தடவை போனால் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாம் காய்ந்து, மடித்து, வாசமாக இருக்கிறது. இரண்டு வாரம் அங்கே இருந்தவளுக்கு இந்த வீடு எப்படித் தெரியும்? சரோஜா விமான நிலையத்தில் இறங்கி, “புள்ள எங்கீங்க?” என்று கேட்டால், அடுத்த தெருவில் வாடகையில்லாமல் குடியிருக்கிறாள் என்று சொல்வதா?

“சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள சூடு வரலைன்னா பையைத் தூக்கிட்டுப் போ” என்றேன்.

பந்தயம் மாதிரிச் சொன்னேன். அவளும் பந்தயம் மாதிரித் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை அவள் அறையைத் தாண்டிப் போகையில் கதவிடுக்கில் பார்த்தேன். பையில் பாதி அடுக்கியிருந்தது.

6

வெள்ளிக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்தார். ஆறே நாளில் இரண்டாவது கட்-அவுட் கேட்கிறவனை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. கடையில் ஒன்றே ஒன்றுதான் மீதி, இனி வர பத்து நாள் ஆகும் என்றார். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தாலிக்குண்டைத் தொட்டுப் பார்ப்பது போலப் பஸ்ஸில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை அதை மாட்டப் போனவன் நின்றேன். இதுவும் செத்துப்போனால்? பேசாமல் கட்-அவுட்டையே தூக்கிவிட்டு, இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் சூடு நிற்கவே நிற்காதே என்று தோன்றியது. எந்தத் தடிமனில் ஒயர் போடலாம் என்பது மட்டும்தான் சந்தேகம். அதற்கு உலகத்தில் நான் நம்புகிற ஆள் ஒருத்தர்தான்: கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணன். மில்லில் எனக்குக் கீழே ஃபிட்டராக இருந்தவர், வயதில் மூத்தவர். அங்கே மத்தியானம். கடைக்கு போன் போட்டேன்.

துணி காய வைக்க மிஷின் என்பதை அவருக்குப் புரிய வைக்கவே மூன்று நிமிஷம் ஆனது. “ஏனுங்க இஞ்சினியரே, அந்த ஊருக்கு வெயிலு வாரதே இல்லீங்களா? என்ன பாவம் பண்ணீங்கன்னு அங்க போயிக் கெடக்கறீங்க?” என்றார். நான் ஒயர் விஷயத்துக்கு வந்தேன்.

அவர் சிரிப்பு நின்றது.

“ஒயருங்களா? கரண்டு ட்ரிப்பு ஆச்சுன்னா ஒயரக் கட்டி உடாதே, ஏன் ஆச்சுன்னு கேளுன்னு எங்களுக்கெல்லாம் மெமோ குடுத்தது ஆருங்க? பஞ்சுக்குப் பக்கத்துல தீயை வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயித் தூங்குவியான்னு என்னைய நிக்க வெச்சுக் கேட்டீங்களே, மறந்துபோட்டீங்களா? அந்த ஊட்டுல பொட்டப்புள்ள இருக்குதுங்க.”

ஒயரைக் கீழே வைத்தேன். அந்த மெமோ நான் எழுதியதுதான். அதில் ‘பொறுப்பின்மை’ என்ற வார்த்தைக்கு அடிக்கோடு போட்டிருந்ததுகூட ஞாபகம் வந்தது.

“அது கெடக்குட்டும். உள்ள அடிக்கற காத்து எந்தப் பக்கமுங்க வெளிய வருது?” என்றார்.

“வெளிய வராதுங்ணா. உள்ளயேதான் சுத்தும்.”

“அப்பறம் துணியில இருக்கற ஈரம்? மிசினு குடிச்சுப்போடுமுங்களா?”

“அதுக்கு ஒரு பைப் இருக்குதுங்ணா. தண்ணி போயிரும்.”

“தண்ணி போறதைப் பாத்தீங்களா?”

நான் தலையைச் சொறிந்தேன். பதினோரு வருஷம் இந்த மாதிரிக் கேள்வியை அவரிடம் நான் கேட்டிருக்கிறேன். அவரும் இப்படித்தான் சொறிந்துகொண்டு நின்றிருப்பார்.

“பைப்பக் களட்டிக் கைய உட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கறனுங்க” என்றார்.

ரிசீவரைத் தரையில் வைத்துவிட்டுக் குழாயைக் கழற்றிக் கையை விட்டேன். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. கைநிறைய வந்தது பஞ்சு. எங்கள் துணிகளிலிருந்து உதிர்ந்து, ஈரத்தில் ஊறி, சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்ட பஞ்சு. அசல் மான்செஸ்டரில் பஞ்சே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, இருந்ததெல்லாம் என் டிரையருக்குப் பின்னால்தான் இருந்தது. இது தண்ணீர்க் குழாய் இல்லை. ஈரக்காற்று வெளியே போகிற குழாய். அது சுவருக்குள் போகிறது. சுவருக்குள் போனது அந்தப் பக்கம் எங்கே வரும் என்று யோசித்தேன்.

அந்தப் பக்கம் செடி. செடிக்குப் பின்னால் சதுரமான பிளைவுட். நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ.

“அண்ணா,” என்றேன் ரிசீவரை எடுத்து, “நானே அடச்சுப்போட்டனுங்ணா.”

“எதுல?”

“வேட்டியில.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கடையில் இருந்தவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும், பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் முடிப்பதற்குள் போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

7

மழைத்தூறலில் ஸ்க்ரூ டிரைவரோடு செடிக்குள் இறங்கினேன். யானைக்காகப் போட்ட ஸ்க்ரூ, லேசில் வரவில்லை. கடைசியில் பிளைவுட்டைப் பிய்த்து, பாலித்தீனைக் கிழித்து, வேட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். கோயில் திருவிழாவில் மோடி மஸ்தான் வாயிலிருந்து கலர்த்துணி வருமே, அதுபோல வேட்டி வந்துகொண்டே இருந்தது, சாம்பல் பஞ்சு ஒட்டிக்கொண்டு. நாலு முழம் வந்தபோது பின்னால் காலடிச் சத்தம். நித்யா, தோளில் பையோடு.

“டாட், நீ என்ன பண்ற?”

மறைக்க வழியில்லை. கையில் வேட்டி. மண்டியிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டையைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், நாச்சிமுத்து அண்ணன் சிரித்ததைச் சொன்னேன். அவள் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. “நான் அன்னிக்கே கேட்டேன்ல?” என்று மட்டும் சொன்னாள். நியாயம். பழியைப் பங்கு போட ஆள் வேண்டுமே என்று அந்தக் கம்பெனிக்காரர்களை இழுத்தேன். அவர்களாவது இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதை விட்டுவிட்டு இந்த வீடு வாடகையா என்று விசாரித்தார்கள் என்றேன்.

“வாடகையான்னா? என்ன கேட்டாங்க, கரெக்டா சொல்லு.”

“ஈஸ் இட் ரென்டட், லவ்-ன்னு.”

நித்யா பையைக் கீழே வைத்தாள்.

“அப்பா. அவங்க ரென்டட்னு கேக்கல. வென்டட்னு கேட்டிருப்பாங்க. வென்ட். இதான் வென்ட்.” என் கையில் இருந்த வேட்டியைக் காட்டி, பிறகு சுவர் ஓட்டையைக் காட்டினாள். காற்று வெளியே போக வழி இருக்கிற மாடலா என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். முதல் நாளே, முதல் போனிலேயே.

“நீ என்ன சொன்னே?”

வேட்டியைச் சுருட்டினேன். “சொந்த ஊடுங்கன்னு.”

அவள் ஈரப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், வேட்டியைப் பார்ப்பாள், மறுபடி ஆரம்பிப்பாள். அவள் என்னை ‘அப்பா’ என்று கூப்பிட்டதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் நிறுத்திவிடுவாள்.

கடைசிக் கட்-அவுட்டை மாட்டினேன். பீப்பாய் சுற்றியது. அவள் வெளியே ஓடி ஓட்டைக்கு முன்னால் கையை வைத்து, “வருது, வருது” என்று கத்தினாள். சுவரிலிருந்து வெள்ளை ஆவி செடிமேல் படர்ந்தது. முக்கால் மணி நேரமும் நான் மிஷினை விட்டு நகரவில்லை. கட்-அவுட் சாகவில்லை.

நடுவில் சரோஜாவின் போன் வந்தது. நான் எடுப்பதற்குள் நித்யா எடுத்துவிட்டாள். அம்மாவிடம் எப்போதும் இரண்டே வார்த்தை பேசுகிறவள், மூச்சு விடாமல் பேசினாள். ஆரம்பித்தது இங்கிலீஷில்தான். ஆனால் போன் அம்மாளின் கேள்விக்கு நான் சொன்ன பதில் வந்ததும் அந்த பாஷை அவளுக்குப் போதவில்லை. குரலைத் தடிமனாக்கி, கழுத்தை நீட்டி, என்னைப் போலவே, “நோ ரென்ட் மேடம், சொந்த ஊடுங்க” என்றாள். பல்லடத்து எஸ்.டி.டி. பூத்தில் சரோஜா சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. மாமனாரின் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் இந்தக் கதை போகும் என்பதும் தெரிந்துவிட்டது. போகட்டும். அவருக்குச் சந்தோஷமான செய்திதான் அதில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு அவள் ஹெலன் வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். சாப்பிட வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாளாம். பை மட்டும் படிக்கட்டிலேயே இருந்தது. மறந்தாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவன் தனியாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். வேட்டியைத் துவைத்து டிரையரில் போட்டேன். அதற்கும் ஒரு பரிகாரம் வேண்டும் அல்லவா.

ஒன்பது மணிக்குத்தான் எதிர்பார்த்தேன். ஏழுக்கே கதவு திறந்தது. ஷூவைக் கழற்றிக்கொண்டே முறைத்தாள்.

“அவங்ககிட்ட முழுசாச் சொன்னேன்ப்பா. நடிச்சுக்கூடக் காமிச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. ஹெலனோட அம்மா, ‘பாவம் உன் டாட்’ங்கறாங்க.”

“அவங்களுக்கு எங்கேர்ந்து கண்ணு சிரிப்பு வரும்?”

“சொந்த ஊடுங்கறது அவங்களுக்கு எப்பிடிச் சொல்றது?”

எனக்கும் தெரியவில்லை. டிரையர் மணியடித்து நின்றது. அவள் போய்க் கதவைத் திறந்து, வெதுவெதுவென்றிருந்த வேட்டியை எடுத்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும், ஒரு நிமிஷத்துக்கு மேல்.